கம்பளத்தின் முதுகு: துர்க்மெனிஸ்தான் பயணக் குறிப்புகள்

துர்க்மெனிஸ்தானுக்குள் என் போனில் இணையம் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனால் எல்லாம் நோட்டில் எழுதியது. இப்போது உஸ்பெகிஸ்தானின் புகாராவில் உட்கார்ந்து நாளுக்கு ஒன்றாகப் போடுகிறேன். பின்னால் தெரிந்துகொண்டதை வைத்து முன்னால் எழுதியதைத் திருத்தவில்லை.

நாள் 1: அஷ்காபாத்

துபாய் வழியாக வந்து அதிகாலையில் இறங்கினேன். அழைப்புக் கடிதத்தைக் காட்டி, பணம் கட்டி, விசா வாங்கி வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஊர் முழுக்க வெள்ளைப் பளிங்கு. 543 கட்டடங்களுக்குப் பளிங்கு ஒட்டியதற்காக 2013-இல் கின்னஸில் இடம்பிடித்த நகரம் இது. வெயில் ஏறியதும் கண்ணைத் திறக்க முடியவில்லை. 1948 அக்டோபரில் வந்த நிலநடுக்கம் பழைய அஷ்காபாத்தை அநேகமாகத் தரைமட்டமாக்கிவிட்டது. அதனால் பழைய தெரு, பழைய வீடு என்று தேடிக்கொண்டு யாரும் இங்கே வர வேண்டாம்.

நான் வந்த காரணம் வேறு. பதினெட்டு வருடத்துக்கு முன் இஸ்தான்புல்லில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) ஒரு பழைய மூட்டைப்பையின் முன்பக்கத்தை வாங்கினேன். நாலடி அகலம், இரண்டரை அடி உயரம், காய்ந்த மிளகாய்ச் சிவப்பு. ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய வட்டப் பூக்கள். "அசல் ஸாலோர். துர்க்மென்களிலேயே உசந்த நெசவு" என்று சொல்லி, அந்தக் காலத்து என் இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார் கடைக்காரர். அன்றிலிருந்து சென்னை வீட்டுச் சுவரில் தொங்குகிறது. யார் வந்தாலும் "ஸாலோர்" என்று சொல்லி வைப்பேன். யாருக்கும் புரியாது, எனக்குப் பெருமையாக இருக்கும்.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் நாட்டுக் கொடி. பச்சைத் துணி, கம்பத்தை ஒட்டி ஒரு சிவப்புப் பட்டை, அதில் மேலிருந்து கீழாக ஐந்து கம்பளப் பூக்கள். 1992-இல் வந்த கொடி. இந்தப் பூவை 'குல்' என்கிறார்கள். ஒவ்வொரு குல்லும் ஒரு குலத்துக்கு அடையாளம் என்பது கொடியின் கணக்கு. குல்லுக்கும் குலத்துக்கும் சொல்லில் உறவு எதுவும் கிடையாது, ஆனால் தமிழ்க் காதுக்கு வசதியாக இருக்கிறது. தெக்கே, யோமுத், ஸாரிக், சௌதூர், எர்ஸாரி என்ற ஐந்து குலப் பெயர்களைத்தான் வழக்கமாகச் சொல்கிறார்கள்.

ஸாலோர் இல்லை. என் ஸாலோர் எங்கே என்று வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். "நாளைக்கு மியூசியத்தில் கேளுங்கள், டாய்தா" என்றாள்.

எழுத்தில் டாய்ஸா. துர்க்மென்கள் 'ஸ' ஒலியை நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வதால் நம் காதில் 'த' என்றே விழுகிறது. என்ன அர்த்தம் என்று கேட்டேன். அம்மாவின் உடன்பிறந்தவள். சரி, சித்தியாகிவிட்டேன்.

நாள் 2: கம்பள அருங்காட்சியகம்

முதலில் 301 சதுர மீட்டர் கம்பளத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 2003-இல் உலகின் மிகப் பெரிய கைக்கம்பளம் என்று கின்னஸில் ஏறியது. இன்னொன்று 193.5 சதுர மீட்டர். 1941-42-இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, மாஸ்கோ போல்ஷாய் அரங்கத்துக்குத் திரையாக நெய்தது. அதை மேடையில் ஏற்றி இறக்க எத்தனை ஆள் வேண்டியிருக்கும் என்பதுதான் என் மனதில் ஓடியது. பெரிசு என்பதைத் தவிர அவற்றிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிட்டேன்.

நான் நாள் முழுக்க நின்றது சின்னச் சாமான்களின் முன்னால். துர்க்மென் வீடு ஒட்டக முதுகில் நகரும் வீடு. அங்கே பீரோ கிடையாது, அலமாரி கிடையாது, கதவுகூட இல்லாத நாள் உண்டு. அத்தனையும் நெசவு. துணிமணி போட்டுக் கூடாரச் சுவரில் மாட்டப் பெரிய பை, அதற்குப் பெயர் சுவல். அதைவிடக் குட்டையான தோர்பா, இன்னும் சின்ன மஃப்ராஷ். கூடாரக் கழிகளின் முனை குத்தாமல் மூடி வைக்க ஓக்பாஷ் என்று ஒரு நீளக் குல்லாய். வாசலில் தொங்க என்ஸி. என்ஸியை நாலு கட்டமாகப் பிரித்திருப்பதால் தூரத்திலிருந்து நிஜக் கதவு போலவே தெரிகிறது. கல்யாணத்தன்று மணப்பெண் ஏறிப்போகும் ஒட்டகத்தின் இரண்டு விலாவிலும் தொங்க ஐந்து மூலை கொண்ட அஸ்மாலிக், எப்போதும் ஜோடியாக.

அப்புறம் ஆக் யூப். 'வெள்ளைக் கயிறு' என்று சொல்லலாம். கூடாரத்தின் உட்புறம் சுற்றிக் கட்டும் பட்டை. அகலம் ஒரு முழத்துக்கும் குறைவு, நீளம் பத்துப் பதினைந்து மீட்டர். தரை வெறும் வெள்ளை நெசவு, பூ வரும் இடத்தில் மட்டும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நடந்து பார்த்தேன். ஒரு பூ இன்னொரு தடவை வரவே இல்லை என்று நினைத்தேன். திரும்பி நடந்தபோது இரண்டு இடத்தில் பிடித்துவிட்டேன். இவ்வளவையும் பெண்கள்தான் நெய்தார்கள். அம்மாவிடம் மகள் கற்றுக்கொண்டு, தன் சீரைத் தானே நெய்துகொண்டு புகுந்த வீடு போவாள். தாளில் வரைபடம் கிடையாது, கை ஞாபகம்தான்.

இங்கேதான் கொடியின் கணக்கு உதைக்க ஆரம்பித்தது. 'தாவுக் நுஸ்கா' என்று ஒரு குல். தாவுக் என்றால் கோழி. எண்கோணத்துக்குள் கால்பாகத்துக்கு இரண்டு பிராணியாக நிற்கும். கோழிக்கு நாலு கால் எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. யோமுத் கம்பளத்தில் பார்த்தேன். அடுத்த அறையில் அரபாச்சி என்ற குலப் பெயர் எழுதிய கம்பளத்தில் அதே கோழி. சௌதூரில் மறுபடியும். இது யார் வீட்டுக் கோழி?

அங்கே வேலை பார்க்கும் ஒரு பெரியவரம்மாவிடம் வழிகாட்டிப் பெண் என்னை ஒப்படைத்தாள். அவரும் டாய்தாதான். இரண்டு சித்திகள், நடுவில் மொழிபெயர்க்க ஒரு பெண். அவர் சொன்னதையும் நான் ஏற்கெனவே படித்திருந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். சோவியத் இனவியலாளர் வாலென்தினா மோஷ்கோவா 1929 முதல் 1945 வரை நடந்த களப்பயணங்களில் ஊர் ஊராகப் பாட்டிகளைக் கேட்டுச் சேகரித்தார். அவர் வந்து சேர்ந்த முடிவு இது: ஒரு குலம் தன் குல்லைப் பெரிய கம்பளத்தில்தான் நெய்யும். போரில் தோற்றுவிட்டால், ஜெயித்தவர்களின் குல்லைப் பெரிய கம்பளத்தில் நெய்ய வேண்டும். சொந்தக் குல் பைகளுக்கு இறங்கிவிடும். முதலாவது உயிருள்ள குல், இரண்டாவது செத்த குல்.

கதையாக அற்புதம். ஆனால் பின்னால் வந்தவர்கள் பலர் இதை அப்படியே ஏற்கவில்லை. அழகான வடிவத்தைப் பக்கத்துக் கூடாரத்துப் பெண் பார்த்து நெய்ய யுத்தம் எதற்கு? பெண் கொடுத்துப் பெண் எடுத்த இடங்களில் மருமகளோடு பூவும் வந்திருக்கும். போதாததற்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று நினைத்திருந்த சில துண்டுகளைக் கார்பன் கணிப்புக்கு அனுப்பினால் பதினேழாம் நூற்றாண்டு என்று வருகிறது. குலச் சண்டைகளின் பட்டியலை வைத்துப் பூவுக்குத் தேதி போடுவது அவ்வளவு சுலபமில்லை.

ஸாலோர்களின் கதை மட்டும் மோஷ்கோவா கணக்குக்குப் பொருந்துகிற மாதிரி இருக்கும். 1832-இல் பாரசீக இளவரசர் அப்பாஸ் மிர்சா சரக்ஸில் அவர்களை நொறுக்கினார். அதற்குப் பிறகு அந்தக் குலம் பழைய நிலைக்கு வரவில்லை. ஆனால் அவர்களுடைய பூ தெக்கே, ஸாரிக் பைகளிலெல்லாம் பூத்துக்கொண்டே இருந்தது.

போனில் என் பையின் படத்தைக் காட்டினேன். அம்மா ஒரு பார்வைதான் பார்த்தார். "ஸாலோர் குல்." எனக்கு உச்சி குளிர்ந்தது. உடனே விரலைச் சுழற்றினார், திருப்பு என்பதுபோல. நல்லவேளை, கிளம்புமுன் முதுகையும் படம் எடுத்திருந்தேன். அதைப் பெரிதாக்கி ஒரு நிமிடம் பார்த்தார்.

"தெக்கே" என்றார்.

விளக்கம் இது. ஸாலோர் நெசவில் நீளவாக்கில் ஓடும் இரண்டு பாவு நூலில் ஒன்று மேலே, ஒன்று ஆழத்தில் இறங்கியிருக்கும். அதனால் முதுகு உழுத நிலம் மாதிரி வரிவரியாகப் புடைத்திருக்கும். தெக்கே முதுகு பெரும்பாலும் சமதளம். முடிச்சிலும் வித்தியாசம் உண்டு. கம்பளி நூலை ஒரு பாவைச் சுற்றி, அடுத்த பாவின் பின்னால் விட்டு எடுப்பது ஒரு முடிச்சு. ஸாலோர் அதை இடப்பக்கம் திறப்பாள், தெக்கே வலப்பக்கம். ஸாரிக் பெண் இரண்டு பாவையும் சேர்த்துச் சுற்றிக் கட்டுவாள். பூ கண் பார்த்து வருவது. முடிச்சு அம்மாவின் கை பிடித்து வருவது. "முகம் பொய் சொல்லும், முதுகு சொல்லாது" என்று முடித்தார்.

பதினெட்டு வருடப் பெருமை போயிற்று. ஆனாலும் வருத்தம் வந்த அளவுக்கு, என்னவோ, ஒரு சந்தோஷமும் வந்தது. யாரோ ஒரு தெக்கேப் பெண், ஸாலோர் பூவைத் தன் கை முடிச்சில் போட்டிருக்கிறாள்.

நாள் 3: சந்தை, கோக்தெப்பே

ஆல்தின் ஆஸிர் சந்தை. தோல்குச்கா என்ற பழைய பெயர்தான் எல்லோர் வாயிலும். வானத்திலிருந்து பார்த்தால் கம்பளப் பூ மாதிரித் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். தரையில் நடப்பவனுக்கு என்ன தெரியும்? வரிசை வரிசையாகச் சிவப்பு மட்டும் தெரிந்தது.

வாங்கவில்லை. பழையதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். புதியதற்கும் அருங்காட்சியக நிபுணரின் சான்றிதழ் வேண்டும். அதனால் ஆசை தீரத் திருப்பித் திருப்பி மட்டும் பார்த்தேன். ஒரு கிழவி தன் மடியில் வைத்திருந்த சின்னத் துண்டைக் காட்டினார். ரோமத்தைப் பிரித்தால் அடியில் பளீரென்று ரோஜா நிறம், நுனியில் வெளுத்த சாம்பல். ரசாயனச் சாயம் வேலையைக் காட்டியிருக்கிறது.

மதியம் கோக்தெப்பே. 1881 ஜனவரியில் ஜெனரல் ஸ்கோபெலெவின் ரஷ்யப் படை தெக்கேக்களின் மண்கோட்டையை உடைத்த இடம். கோட்டைக்குள் குடும்பம் குடும்பமாக இருந்தவர்களும், தப்பி ஓடியவர்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். இப்போது பக்கத்தில் நீலக் கூரை வைத்த பெரிய மசூதி இருக்கிறது. காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அதிக நேரம் நிற்க முடியவில்லை.

கம்பளத்தின் கதையும் இங்கேதான் திரும்புகிறது. ரயில் 1885-இல் அஷ்காபாத்துக்கு வந்தது, மறு வருடம் மெர்வ், 1888-இல் சமர்கண்ட். ரயிலில் கம்பளங்கள் மேற்கே போயின, சாய டப்பாக்கள் கிழக்கே வந்தன. சீருக்கு நெய்தது போய் விற்பனைக்கு நெய்வது பெருகியது. ரஷ்யர்களிலேயே சிலருக்கு இது உறுத்தியிருக்கிறது. இந்தப் பகுதிக்கு ஆளுநராக இருந்த ஜெனரல் பொகொல்யூபவ் பழைய துண்டுகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். 1900 வாக்கில் சாமுயில் தூதின் என்பவரும் வந்து சேகரித்தார். நல்ல பழைய துர்க்மென் நெசவில் ஒரு நல்ல பங்கைப் பார்க்க வேண்டுமென்றால் பீட்டர்ஸ்பர்க் போக வேண்டும் என்ற நிலை அப்படித்தான் வந்தது. சேர்த்துக் காப்பாற்றினார்களா, சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்களா? கோக்தெப்பேயில் நின்றுகொண்டு கேட்டால் ஒரு பதில்தான் வரும்.

பழைய சிவப்பு மஞ்சிட்டி வேரிலிருந்து வந்தது. நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரி இந்த மண்ணின் செடி. நீலம் அவுரி. அதில் நிறைய இந்தியாவிலிருந்து ஒட்டகத்தில் போனது. ஸாலோர், ஸாரிக் பைகளில் பட்டுப் பூக்களுக்கு ஏற்றிய கருஞ்சிவப்பைச் சோதித்தபோது சிலவற்றில் அரக்கு இருந்தது. அரக்கும் நம் பக்கத்துச் சரக்குதான். பட்டும் அரக்கும் காசு கொடுத்து வாங்கியவை என்பதால் கொஞ்சமாக, பூவின் நடுவில் மட்டும், நகையில் கல் பதிப்பது போல வைத்திருக்கிறார்கள்.

நாள் 4: ரயில்

அஷ்காபாத்திலிருந்து மாரி. ஒரு பக்கம் கோபெத்தாக் மலை, மறு பக்கம் காரகும் மணல். நேற்று சந்தையில் ஆசைப்பட்டுக் குடித்த புளித்த ஒட்டகப்பால் வயிற்றைப் பதம் பார்த்துவிட்டது. வேறு எழுத ஒன்றும் இல்லை.

நாள் 5: மாரி, யோலதென்

மெர்வின் இடிபாடுகளைக் காலையில் பார்த்தேன். சுல்தான் சஞ்சர் சமாதியின் குளுமை நினைவில் நிற்கும். மற்றதை எழுதினால் தனித் தொடராகிவிடும்.

வழிகாட்டிப் பெண்ணுக்கு யோலதென் பக்கம் ஒரு வீட்டில் உறவு. ஸாரிக் ஊர். தந்தூரிலிருந்து எடுத்த ரொட்டியை வைத்தார்கள். ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது என்று என் கையைப் பிடித்துத் திருப்பினார்கள். பச்சைத் தேநீர் குடித்து முடித்ததும் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்கள்.

தறி தரையோடு தரையாகக் கிடந்தது. நின்றுகொண்டிருக்கும் தறியைக் கழற்றிப் போவது சிரமம், படுத்த தறியை முளை பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். நகர்வது நின்று தலைமுறைகள் ஆகியும் தறி படுத்தே இருக்கிறது. நெய்த பகுதியின் மேலேயே மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து முன்னேறுகிறார்கள். தராக் என்ற கனமான இரும்புச் சீப்பால், குறுக்கே ஓடும் ஊடையை அடிக்கும் சத்தம் உரலில் இடிப்பது மாதிரி. கெஸர் என்ற கத்தி மருமகளின் விரல்களோடு ஒட்டிப் பிறந்தது போல் இருந்தது. முடிச்சு, வெட்டு, முடிச்சு, வெட்டு. எண்ண ஆரம்பித்துப் பத்துக்குள் தவறவிட்டேன். இந்தக் கலையை 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது பற்றிக் கேட்டேன். டிவியில் பார்த்தோம் என்றார்கள்.

தறியில் இருந்தது தெக்கே குல். சதுரங்கக் கட்டம் போல் கோடுகள் பூவின் நடுவில் புகுந்து வெளிவரும், கொஞ்சம் பழகினால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். "நீங்கள் ஸாரிக்தானே?" என்று மாமியாரிடம் கேட்டேன்.

"ஸாரிக். விற்பது தெக்கே."

சரி, பூ சந்தைக்காக. நான் எதிர்பார்த்ததுதான். மூன்று நாள் முன்னால் கற்ற பாடத்தை வைத்துக்கொண்டு முழங்கால் போட்டு முடிச்சைப் பார்த்தேன். இரண்டு பாவையும் சேர்த்துச் சுற்றிய ஸாரிக் முடிச்சு இருக்க வேண்டும். இல்லை. ஒரு பாவைச் சுற்றி வலப்பக்கம் திறந்த முடிச்சு. தெக்கே முடிச்சு.

மெதுவாகக் கேட்டேன். அவர் பதினேழு வயதில் அரசாங்கக் கம்பளத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். அங்கே எல்லோருக்கும் ஒரே முடிச்சு, ஒரே வரைபடம். இருபத்தைந்து வருடம். "என் அம்மா வேறு மாதிரிக் கட்டுவாள்" என்று சொல்லிவிட்டு, கம்பளித் துண்டு ஒன்றை எடுத்துத் தறியின் ஓரத்தில் இரண்டு பாவையும் அணைத்து ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார். விரல் ஒரு கணம் தயங்கியது, அப்புறம் வந்துவிட்டது. மருமகள் குனிந்து பார்த்தாள். அவளுக்கும் அது புதிது என்று தோன்றியது. மாமியார் கெஸரால் அதை அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முறையான முடிச்சைப் போட்டார்.

அருங்காட்சியக அம்மாவின் பழமொழியை நான் அங்கே எடுக்கவில்லை.

அவர் தாயார் நெய்த பை ஒன்று உள்ளே இருந்தது. உள்ளே சர்க்கரையோ என்னவோ கட்டி வைத்திருந்தார்கள். வெள்ளை வரும் இடமெல்லாம் பருத்தி, கம்பளியின் நடுவே உப்பு போலப் பளிச்சிட்டது. வெள்ளைக்குப் பருத்தி போடுவது ஸாரிக் பழக்கம் என்று படித்திருக்கிறேன். அதில் இருந்த பூ? என் சுவரில் தொங்கும் அதே ஸாலோர் பூ.

நாள் 6: துர்க்மெனாபாத், ஆமு தரியா

ஆமு தரியா காபி நிறத்தில் ஓடுகிறது. இந்தக் கரையோரம் எர்ஸாரிகளின் நெசவு. இவர்கள் ஆற்றோரம் நிலைத்து உட்கார்ந்து பயிர் செய்தவர்கள், புகாரா நகரத்தின் பட்டுத் துணிகளைத் தினம் பார்த்தவர்கள். அதனால் பெஷிர் என்ற ஊர்ப் பெயரில் சந்தைக்கு வந்த கம்பளங்களில் மஞ்சள் தாராளம். கலங்கிய ஓரமுள்ள இக்கத் பூக்களும் பாரசீக மீன் வடிவமும் இருக்கும். குல்லே இல்லாத கம்பளமும் உண்டு. சுத்தக் கலப்பு. சேகரிப்பாளர்கள் பலர் ரொம்ப நாள் இவற்றைக் கீழ்த்தட்டாகப் பார்த்தார்கள். எனக்கு இவைதான் உயிரோட்டமாகத் தெரிகின்றன. சிவப்பு பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அந்த மஞ்சள் போதும்.

எல்லையில் பையைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்தார்கள். "கம்பளம்?" இல்லை. நம்பாமல் மறுபடி பார்த்தார்கள். வழிகாட்டிப் பெண் தடுப்புக்கு அப்பால் நின்று கையாட்டினாள்.

நாள் 7: புகாரா

1577-இல் கட்டிய அப்துல்லா கான் அங்காடிக்குள் குளுகுளுவென்று இருக்கிறது. பட்டு விற்பதற்காகக் கட்டியது, இப்போது கம்பளங்கள். 'புகாரா கம்பளம்' என்று உலகமெல்லாம் விற்பவை புகாராவில் நெய்தவை அல்ல. துர்க்மென் நெசவு இங்கே விற்பனைக்கு வந்தது, வாங்கிய ஐரோப்பியன் சந்தையின் பெயரை வைத்துவிட்டான். தெக்கே பூப் போட்டது 'ராயல் புகாரா', வாசலில் தொங்கிய என்ஸி 'பிரின்சஸ் புகாரா'. லாகூரிலும் தெக்கே பூவை நெய்து இதே பெயரில் ஏற்றுமதி செய்கிறார்கள். ஹோட்டல் வரவேற்பறைகளில் நீங்கள் மிதித்திருப்பது அநேகமாக அதைத்தான்.

கடைக்காரர் இளைஞர். என் போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "புகாரா! நல்ல பழைய புகாரா!" என்றார். ஸாலோர், தெக்கே, இப்போது புகாரா. ஒரு வாரத்தில் மூன்றாவது பெயர். ஊருக்குப் போய்ச் சுவர் ஓரம் நிற்பவர்களிடம் என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

என் முன்னால் கம்பளங்களை ஒவ்வொன்றாக விசிறி விரித்தார். நான் ஒவ்வொன்றாகக் குனிந்து மூலையை மடக்கி முதுகைப் பார்த்தேன். நாலாவதில் பொறுமை இழந்து சிரித்துவிட்டார். ஐந்தாவதைப் பூ கீழே போகும்படி கவிழ்த்தே விரித்தார்.

"இந்தாங்க ஆப்பா" என்றார். இங்கே நான் அக்கா.

உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். தேநீர் வந்தது.